இடது கையின் வேலை

மைக்ரோநீட்லிங் நடக்கும்போது பக்கத்தில் நிற்பவர்களின் கண் என் வலது கையில்தான் இருக்கும். ‘பென்’ என்று நாங்கள் சொல்லும் கருவி அந்தக் கையில் இருக்கிறது. அது ரீங்காரம் போடுகிறது, அதன் முனையில் ஊசிகள் வினாடிக்குப் பலமுறை இறங்கி ஏறுகின்றன. பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களும் அதைத்தான் கவனிப்பார்கள். எத்தனை மி.மீ. ஆழம், என்ன வேகம், எந்தக் கம்பெனிக் கருவி என்று கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். அவர்களைக் கட்டிலின் மறுபக்கம் போய் நிற்கச் சொல்வேன். அங்கிருந்து பார்த்தால் இடது கை தெரியும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கன்னத்துத் தோலை இரண்டு பக்கமும் இழுத்து, தளர விடாமல் பிடித்திருக்கும். இந்தச் சிகிச்சையின் பலனில் பெரும்பகுதி அந்த இரண்டு விரல்களில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பருத் தழும்பு ஒரு குழி. குழிக்குச் சுவர் உண்டு, தரை உண்டு. தோலை இழுக்காமல் ஊசியை ஓட்டினால் மேட்டில் இருக்கும் நல்ல தோலைத்தான் அது குத்தும். குழியின் தரை அதற்கு எட்டாது. இழுத்துப் பிடித்தால் குழியின் வாய் விரியும், தரை மேலே வரும், ஊசி நேராக அங்கே இறங்கும். இன்னொன்றும் உண்டு. தோல் மெத்தென்றது. ஊசி படும்போது முதலில் உள்வாங்கிக் கொடுக்கும், பிறகுதான் துளைபடும். கருவியில் 2 மி.மீ. என்று வைத்தால் ஊசி 2 மி.மீ. இறங்கிவிடும் என்று நினைக்கக் கூடாது. இறங்குவது அதைவிடக் குறைவு. தளர்ந்த தோலில் இன்னும் குறைவு. ஒரே கருவி, ஒரே அளவு, இரண்டு மருத்துவர்கள் என்றால் பலன் வேறுபடுவதற்கு இது ஒன்றே போதும்.

இதே விரல்கள் முதல் நாளே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. நோயாளி வந்து உட்கார்ந்ததும், “குழி குழியா இருக்கு டாக்டர், செல்ஃபி எடுத்தா ரொம்பத் தெரியுது, எத்தனை சிட்டிங் ஆகும்?” என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். நான் எழுந்து கூரை விளக்கை அணைப்பேன். மேலிருந்து நேராக விழும் வெளிச்சம் பல குழிகளை மறைத்துவிடும். ஒரு சின்ன விளக்கைக் காதோரம் பிடித்துக் கன்னத்தின் மேல் சாய்வாக ஒளியை விட்டால் முகத்தின் உண்மையான மேடு பள்ளம் தெரியும். அந்த வெளிச்சத்தில் எல்லாத் தழும்பும் ஒன்று போல் இருக்காது. 2001-இல் ஜேக்கப், டோவர், காமினர் என்ற மூன்று அமெரிக்க மருத்துவர்கள் வகுத்துக் கொடுத்த பிரிவைத்தான் இன்றும் நாங்கள் பின்பற்றுகிறோம். ஐஸ்பிக் என்பது வாய் குறுகி, 2 மி.மீ.க்கும் குறைந்த அகலத்தில், ஆழமாக உள்ளே போகும் குழி. பாக்ஸ்கார் என்பது வெட்டி எடுத்தது போலச் சுவர் செங்குத்தாக நிற்கும் அகன்ற பள்ளம்; அம்மை போட்ட வடுவும் பெரும்பாலும் இந்தச் சாதிதான். மூன்றாவது ரோலிங். இதில் தோல் மெல்ல இறங்கி மெல்ல ஏறும். இலவம்பஞ்சு மெத்தையில் அங்கங்கே நூல் கோத்து இழுத்துக் கட்டியிருப்பார்களே, அந்த இடத்தில் மெத்தை எப்படி அமுங்கியிருக்குமோ, அப்படி. உள்ளே நார் ஒன்று தோலைக் கீழே பிடித்துக் கட்டிவைத்திருக்கிறது.

பிறகு இழுத்துப் பார்ப்பேன். விரல்களால் கன்னத்தை மெல்ல விரித்தால் சில குழிகள் முழுக்க மறைந்துவிடும். சில பாதி மறையும். சில அப்படியே முறைத்துக்கொண்டு நிற்கும். கிரெக் குட்மேனும் ஜெனிஃபர் பேரனும் 2006-இல் வெளியிட்ட தழும்புத் தர வரிசையில் மூன்றாம் தரத்துக்கும் நான்காம் தரத்துக்கும் உள்ள முக்கிய வேறுபாடே இதுதான்: இழுத்தால் சமமாகிறதா, ஆகவில்லையா. நான்கு தரங்கள் கொண்ட அந்த வரிசைக்கு எந்தக் கருவியும் வேண்டாம், கண்ணும் விரலும் போதும். சின்ன ஊரில் உட்கார்ந்திருக்கும் மருத்துவரும் அதை வைத்து நேர்மையாகச் சொல்லலாம்: “இது ஊசிக்குக் கேட்கும், இது கேட்காது.” விரல் இழுப்பில் சமமாகும் குழி மைக்ரோநீட்லிங்குக்கு நன்றாகவே கேட்கும். ஆழமான ஐஸ்பிக் கேட்காது. அதற்கு டி.சி.ஏ. என்ற அமிலத்தைக் கூர்மையான குச்சி முனையில் தொட்டு அந்தக் குழிக்குள் மட்டும் வைக்கும் ‘கிராஸ்’ முறை இருக்கிறது. 2002-இல் கொரிய மருத்துவர்கள் எழுதியது. நாரால் கட்டப்பட்ட ரோலிங் தழும்புக்கு முதலில் அந்த நாரை அறுக்க வேண்டும். தோலுக்கு அடியில் ஊசியைச் செலுத்தி விசிறி மாதிரி அசைத்தால் நார் அறுபடுவது கைக்குத் தெரியும், சில சமயம் காதுக்கும் கேட்கும். 1995-இல் ஓரெண்ட்ரைக் தந்தையும் மகனும் எழுதிய சப்சிஷன் என்ற முறை இது. பல முகங்களில் மூன்றும் கலந்தே இருக்கும். அதனால் ‘எட்டு சிட்டிங் பேக்கேஜ்’ என்று முகத்தைப் பார்க்காமலே விலை சொல்லும் விளம்பரங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

மைக்ரோநீட்லிங் தற்செயலாகத் தொடங்கிய கதையை எல்லா நோயாளிக்கும் சொல்வேன், ஏனென்றால் அதற்குள்ளேயே சிகிச்சையின் தத்துவம் இருக்கிறது. கனடாவின் மாண்ட்ரியலில் காமிரான், டூசே என்ற இரண்டு மருத்துவர்கள் வெளுத்துப்போன தழும்புகளை மறைக்க, பச்சை குத்தும் கருவியால் தோல் நிறச் சாயத்தை ஏற்றி வந்தார்கள். ஓரிரு ஆண்டு கழித்து அந்த நோயாளிகளைப் பார்த்தபோது தழும்பு மிருதுவாகியிருந்தது, தோலின் சொந்த நிறமே திரும்பியிருந்தது. அப்படியானால் வேலை செய்தது சாயமா, ஊசியா? அடுத்து வந்தவர்களுக்குச் சாயமே இல்லாமல் வெறும் ஊசியால் குத்திப் பார்த்தார்கள். 1997-இல் அதைப் பிரசுரித்தார்கள். நம் பாட்டிமார் முழங்கையில் பச்சை குத்திக்கொண்டார்கள். அந்த இடத்தின் நிறம் மட்டும்தான் நம் கண்ணில் பட்டது, ஊசி போன வழியில் தோல் என்ன செய்தது என்று யாரும் கேட்கவில்லை. கிட்டத்தட்ட அதே காலத்தில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் டெஸ்மண்ட் ஃபெர்னாண்டஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் ஊசி பதித்த உருளையை உருவாக்கிக்கொண்டிருந்தார். அதிலிருந்து வந்ததுதான் ரோலர். இன்று பரவலாகப் புழங்கும் ரோலரில் 192 ஊசிகள். நம் நாட்டில் 2009-இல் ஸ்ரீநகரைச் சேர்ந்த இம்ரான் மஜீத், முகத் தழும்புள்ள 37 பேருக்கு ரோலரால் சிகிச்சை செய்து, குட்மேன்–பேரன் தர வரிசையை வைத்தே அளந்து எழுதிய கட்டுரையைப் படித்தபோதுதான் இது நம் தோலுக்குச் சரிவரும் என்ற தைரியம் என்னைப் போன்ற பலருக்கு வந்தது.

ஊசி எதையும் நிரப்புவதில்லை. அது செய்வதெல்லாம் ஒரு சேதி அனுப்புவதுதான். துளை விழுந்த உடனே ரத்தத்தின் தட்டணுக்கள் அங்கே கூடி வளர்ச்சிக் காரணிகளை வெளிவிடுகின்றன. முதல் இரண்டு மூன்று நாள் சிவப்பும் லேசான வீக்கமும். அடுத்த வாரங்களில் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் பெருகி, புதுக் கொலாஜனை நெய்யத் தொடங்கும். முதலில் நெய்வது மூன்றாம் வகைக் கொலாஜன், மெல்லியது, தற்காலிகமானது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு உறுதியான முதல் வகையை வைக்கும் வேலை மாதக் கணக்கில் நடக்கும், ஓராண்டு வரைகூட. மேல்தோல் உரியாமல், வெந்துபோகாமல், அடித்தோலுக்கு மட்டும் “காயம் பட்டிருக்கிறது, கட்டு” என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். மேல்தோலில் விழுந்த துளைகள் ஒரு நாளுக்குள் மூடிக்கொள்ளும்.

மேல்தோல் முழுசாக நிற்பது நமக்கு மிகப் பெரிய விஷயம். தமிழ்நாட்டில் என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் தோல் நிறத்துக்கான ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலில் நான்கு, ஐந்து, சிலர் ஆறு. இந்தத் தோலில் நிறமிச் செல்கள் சுறுசுறுப்பானவை. சூடு பட்டால், உரிந்தால், நகத்தால் கிள்ளினால்கூடக் கருமை விட்டுவிடும். மேல்தோலைச் சுட்டு எடுக்கும் லேசரை ஐரோப்பியத் தோலுக்குக் கொடுக்கும் அளவில் நம் கன்னத்தில் கொடுத்தால் குழி குறைந்து கறுப்புத் திட்டு கூடும். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கியது போல் ஆகிவிடும். ஊசியில் சூடு கிடையாது. கருமை வரவே வராது என்று சொல்ல மாட்டேன், வரும், ஆனால் குறைவாக வரும். வந்தாலும் பெரும்பாலும் கலைந்துவிடும். பெரிய இயந்திரம் தேவையில்லை என்பதால் பெருநகரத்துக்கு வெளியே, அரசு மருத்துவமனையின் தோல் பிரிவிலும் செய்ய முடிகிற வேலை இது. கறுத்த தோலுக்கென்றே பொருந்தி, கை எட்டும் செலவில் கிடைக்கும் அழகுச் சிகிச்சைகள் எத்தனை இருக்கின்றன? இந்த ஊசியின் மேல் எனக்குள்ள மரியாதைக்கு இதுவே முதல் காரணம்.

ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கும் ஒரு பெண் வந்தார். கடையின் விளக்கெல்லாம் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் முகத்தில் அடிக்கும். வாடிக்கையாளர் சேலையைப் பார்க்கும் நேரத்தைவிடத் தன் கன்னத்தைப் பார்க்கும் நேரம் அதிகம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இரண்டு கன்னத்திலும் ரோலிங்கும் ஆழமில்லாத பாக்ஸ்காரும். பொட்டுப் பக்கம் நாலைந்து ஐஸ்பிக். இழுத்தால் கன்னம் பெரும்பாலும் சமமானது. இந்த முகத்துக்கு ஊசி நல்லது செய்யும் என்று அப்போதே தெரிந்தது. இருந்தாலும் அன்று ஊசியைத் தொடவில்லை. தாடையோரம் புதுப் பரு நான்கு சீழ் கட்டி நின்றது. பரு இருக்கும் இடத்தில் ஊசியை ஓட்டினால் கிருமியைப் பக்கத்துத் தோலெங்கும் விதைத்த மாதிரி. முதலில் பருவை அடக்க வேண்டும், பிறகுதான் குழி. அதற்கே சில மாதம் ஆனது. “இன்னும் எப்போ டாக்டர் ஆரம்பிப்பீங்க?” என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். “பரு அடங்கட்டும்மா, அவசரப்படாதே” என்பேன்.

சிட்டிங் அன்று முகத்தைக் கழுவி, மரத்துப்போகும் களிம்பைத் தடவி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒட்டி ஒரு மணி நேரம் உட்கார வைப்போம். லிக்னோகெய்ன் 2.5 சதவீதம், பிரிலோகெய்ன் 2.5 சதவீதம் கலந்த களிம்பு அது. சரியாக ஏறியிருந்தால் தோல் சற்று வெளுத்திருக்கும். அதை முழுக்கத் துடைத்துவிட்டு, கிருமிநாசினி போட்டு, சலைனால் அதையும் துடைத்து எடுப்போம். ஊசி வழியாக உள்ளே போகக் கூடாத எதுவும் தோல் மேல் மிச்சமிருக்கக் கூடாது. பென்னில் ஊசிகள் உள்ள புதுக் கார்ட்ரிட்ஜை நோயாளியின் கண் முன்னால் பிரித்து மாட்டுவேன். அவர் பார்க்க வேண்டும்.

நெற்றியில் தொடங்கினேன். அங்கே அடியில் உடனே எலும்பு, அதனால் 1 மி.மீ.க்கு மேல் வேண்டாம். கண்ணைச் சுற்றி எலும்பு விளிம்புக்கு உள்ளே போவதே இல்லை. கன்னத்துக்கு வந்ததும் ஆழத்தை 2-க்கு ஏற்றி, இடது கையால் தோலை விரித்தேன். மேலும் கீழும் ஒரு முறை, குறுக்கே ஒரு முறை, மூலைக்கு மூலை இரண்டு முறை. ஒரு சிறு கட்டத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவேன். சில நொடிகளில் ஊசிமுனை அளவு ரத்தப் புள்ளிகள் சீராக, ஒரே அடர்த்தியில் மேலே வரும். நான் தேடுவது அதைத்தான். புள்ளிகள் வந்துவிட்டால் அந்தக் கட்டம் முடிந்தது. அதற்கு மேலும் ஓட்டினால் ரத்தம் கூடும், பலன் கூடாது. புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வழிய ஆரம்பித்தால் தோலைக் கிழிக்கிறோம் என்று பொருள். குழியின் தரையில் நார்த் திசு கெட்டியாக இருப்பதால் அங்கே புள்ளி தாமதமாக வரும். அந்த இடத்தில் விரல்களை இன்னும் சற்று நெருக்கமாக வைத்து, இழுப்பைக் கூட்டி, கருவியை ஒரு கணம் கூடுதலாக நிறுத்துவேன்.

இழுத்துப் பிடிக்கும் விரல்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பேச முடியாத நோயாளியின் வலியை அவைதான் முதலில் அறியும். “வலிச்சா கையைத் தூக்கும்மா” என்று சொல்லியிருப்பேன், பலர் தூக்க மாட்டார்கள். நம் பெண்கள் வலியைச் சொல்வதையே ஒரு குறையாக நினைத்து வளர்ந்தவர்கள். ஆனால் பல்லைக் கடித்தால் தாடைத் தசை என் விரலுக்கு அடியில் இறுகும். மேலுதட்டுக்குப் பக்கத்தில் வந்தபோது அந்தப் பெண்ணின் தாடை அப்படி இறுகியது. நிறுத்தினேன். குளிர்ந்த சலைன் பஞ்சை வைத்து, அவர் மூச்சை விட்டு “ம், பண்ணுங்க” என்று சொன்ன பிறகுதான் தொடர்ந்தேன். கடைசியில் ரத்தத்தைத் துடைத்துவிட்டுக் கண்ணாடியைக் கொடுத்தபோது வெயிலில் நாள் முழுக்க நின்றவர் மாதிரி முகம் சிவந்து இருந்தது. இரண்டு மூன்று நாளில் அது அடங்கிவிடும்.

வீட்டுக்குப் போன பிறகு என்ன செய்யக் கூடாது என்பதைச் சொல்ல நான் எடுத்துக்கொள்ளும் நேரம், ஊசி ஓட்டும் நேரத்துக்குக் குறையாது. முகத்தைத் தண்ணீரில் கழுவலாம். மருத்துவர் கொடுத்த மாய்ஸ்சரைசர் போடலாம். மஞ்சள், எலுமிச்சை, சந்தனம், கடலை மாவு, தோட்டத்துக் கற்றாழை எதுவும் ஆகாது. வீட்டில் பெரியவர்கள் அன்போடு அரைத்துக்கொண்டு வருவார்கள், அதனால் அவர்களையும் கூப்பிட்டு வைத்துச் சொல்கிறேன். முழுசான தோலின் மேல் தடவும் பொருள் வேறு, ஆயிரக்கணக்கான துளைகள் திறந்திருக்கும் தோலில் அதே பொருள் வேறு. தலையணை உறையை மாற்ற வேண்டும். மறுநாளிலிருந்து சன்ஸ்கிரீன், குறைந்தது எஸ்.பி.எஃப். 30, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை. ஸ்கூட்டரில் போகிறவர்கள் துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொள்ளலாம், ஆனால் துவைத்த துப்பட்டா. சித்திரை, வைகாசி வெயிலில் தெருத்தெருவாக அலைந்து ஆர்டர் எடுக்கும் தம்பிமாரை, “வெயில் தாழட்டும், ஆடி கழிச்சு வா” என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது வந்து தாலி கட்டும் நாளுக்குள் முகத்தைச் சரிபண்ணச் சொல்கிறவர்களுக்கும் இல்லை என்றுதான் பதில். புதுக் கொலாஜன் முகூர்த்தத்துக்காக முந்தி வராது.

ஊசி வேண்டாம் என்று சொல்ல இன்னும் காரணங்கள் உண்டு. உதட்டோரம் அக்கி போன்ற கொப்புளம் அடிக்கடி வருகிறவருக்கு முன்னதாக மாத்திரை கொடுக்க வேண்டும். மரு இருந்தால் ஊசி போன வழியெல்லாம் மரு முளைக்கும். காது குத்திய இடமோ, நெஞ்சில் பரு ஆறிய இடமோ தடித்துக் கெலாய்டு ஆன சரித்திரம் இருந்தால் மிகமிக யோசிக்க வேண்டும். பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிட்டவர்கள் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்ற பழைய விதியை நாங்களெல்லாம் வேதம் போலப் பிடித்துக்கொண்டிருந்தோம். 2017-இல் அமெரிக்க நிபுணர்கள் ஆதாரங்களைத் திரட்டிப் பார்த்து, தோலில் செய்யும் இது போன்ற பல சிகிச்சைகளுக்கு அந்தக் காத்திருப்பு தேவையில்லை என்று எழுதிய பிறகு பலருடைய காலம் மிச்சமானது.

என்னை அதிகம் வருத்துவது இன்னொரு கூட்டம். முகம் வெளுக்க வேண்டும் என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கி, ஸ்டீராய்டு கலந்த களிம்பை ஆண்டுக்கணக்கில் தடவியவர்கள். 2018-இல் மத்திய அரசு இந்தக் களிம்புகளை எச் அட்டவணைக்குள் கொண்டுவந்து, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்றது. கடைக்காரர் கை நீட்டுவது இன்னும் நிற்கவில்லை. அப்படிப்பட்ட முகத்தில் தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் சிவப்பு நூலாகத் தெரியும், கை வைத்தாலே எரியும். இழுத்தால் விரலுக்கு அடியில் தோல் எதிர்ப்பே காட்டாது. அந்த எதிர்ப்பு இல்லாத தோலில் ஊசியை ஓட்டினால் அது கொலாஜன் கட்டுமா, கிழியுமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. களிம்பை நிறுத்தி, தோல் மீண்டு வர மாதக்கணக்கில் காத்திருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும். அந்த நிறுத்தும் காலம் கொடுமையானது. முகம் சிவந்து, பரு பொங்கி, முன்பைவிட மோசமாகிவிட்டது என்று அழுவார்கள். கூடவே நின்று தாண்ட வைக்க வேண்டும்.

ரோலர் இன்று ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. தாடி வளரவும் முடி வளரவும் பையன்கள் வாங்கிவிடுகிறார்கள். முடிக்கு இதில் பயன் இல்லாமல் இல்லை. 2013-இல் மும்பையில் ரசிதா துராத்தும் அவர் குழுவினரும் 100 ஆண்களிடம் மினாக்ஸிடில் என்ற முடி மருந்துடன் ஊசியைச் சேர்த்துப் பார்த்து நல்ல பலன் கண்டார்கள். அது மருத்துவமனையில், சுத்தமான கருவியில், மருத்துவர் கையில் நடந்தது. விடுதி அறையில் மூன்று நண்பர்கள் ஒரே ரோலரை மாற்றி மாற்றி உருட்டுவது வேறு. மழுங்கிய ஊசி துளைக்காது, கீறும். அழுத்தி உருட்டினால் தண்டவாளம் மாதிரி இணைகோடாகப் புதுத் தழும்பே விழும்; மருத்துவ இதழ்களில் அதற்கு டிராம் டிராக் தழும்பு என்றே பெயர் வைத்துப் பதிந்திருக்கிறார்கள். ஊசிக்கு முன்னால் தடவிய வைட்டமின் சி சீரம் போன்ற பூச்சு தோலுக்குள் போய் ஒவ்வாமையாகி முகமெங்கும் கட்டி கிளம்பிய 3 பெண்களைப் பற்றி 2014-இல் அமெரிக்காவில் எழுதினார்கள். முகத்தில் தடவ எவ்வளவு நல்லதாக இருந்தாலும் துளைக்குள் அனுப்ப அது தயாரிக்கப்படவில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய செய்தி 2024-இல் வந்தது: நியூ மெக்சிகோ மாநிலத்தில் உரிமம் இல்லாத ஒரு ஸ்பாவில், சொந்த ரத்தத்தை எடுத்து ஊசியோடு முகத்தில் ஏற்றும் ஃபேஷியல் செய்துகொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியதை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் உறுதிசெய்தது. ஒருவருக்குப் பயன்படுத்தியதை இன்னொருவருக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். இதைப் படித்த நாளிலிருந்து, கார்ட்ரிட்ஜ் உறையைப் பிரிக்கும்போது நோயாளியிடம், “எங்கே போனாலும் இதை நேரில் பார்க்காம படுக்காதே” என்று சேர்த்துச் சொல்கிறேன். ரத்தம் வரும் எந்த வேலையும் மருத்துவ வேலை. புருவம் திருத்தும் நாற்காலியில் அதைச் செய்யக் கூடாது.

ஒரு சிட்டிங்குக்கும் அடுத்ததற்கும் நான்கு முதல் ஆறு வாரம் இடைவெளி விடுகிறோம். முதல் நெசவு முடியும் முன்பே மறுபடி குத்துவதில் அர்த்தமில்லை. மூன்று சிட்டிங் முடிந்ததும் பெரும்பாலோர், “பெருசா ஒண்ணும் தெரியலையே டாக்டர்” என்பார்கள். தினம் கண்ணாடி பார்க்கிறவருக்குத் தெரியாதுதான். அதனால்தான் முதல் நாளே அதே சுவர், அதே நாற்காலி, அதே சாய்ந்த வெளிச்சத்தில் நேராகவும் இரு பக்கமும் படம் எடுத்து வைக்கிறோம். படத்தைப் பொய் சொல்ல வைப்பது மிக எளிது. விளக்கை நேரே திருப்பினால் குழி பாதி மறைந்துவிடும். விளம்பரங்களில் வரும் ‘முன்–பின்’ படங்களில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். நிழல் மாறியிருந்தால் அந்தப் படத்தை நம்ப வேண்டாம்.

அந்த ஜவுளிக்கடைப் பெண்ணுக்குக் கன்னத்தின் இரண்டு பெரிய ரோலிங் தழும்புகளை முதலில் சப்சிஷனால் விடுவித்து, பிறகு நான்கு சிட்டிங் ஊசி. கடைசிச் சிட்டிங்குக்கு மூன்று மாதம் கழித்துப் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தோம். பாக்ஸ்காரின் செங்குத்துச் சுவர் சரிவாகியிருந்தது. ரோலிங் பள்ளங்களில் பெரும்பாலானவற்றில் நிழலே விழவில்லை. பொட்டுப் பக்கத்து ஐஸ்பிக் கொஞ்சமும் அசையவில்லை, அதை முதல் நாளே சொல்லியிருந்தேன். தழும்பு முழுக்கப் போய்விடும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. மூன்றாம் தரம் இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். ஒரு முழத் தொலைவில் தெரிந்தது, பக்கத்தில் வந்தால்தான் தெரியும். அவர் படத்தை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, “இன்னும் ரெண்டு பண்ணலாமா?” என்றார். கன்னத்தை இழுத்துப் பார்த்தேன். விரல்களுக்கு இடையே சமமாவதற்கு அங்கே பெரிதாக எதுவும் மிச்சமில்லை. கன்னத்துக்கு ஊசி போதும், பொங்கல் முடிந்து வந்தால் ஐஸ்பிக்குக்கு டி.சி.ஏ. வைக்கலாம் என்று சீட்டில் எழுதினேன்.

அவரோடு தம்பியும் வந்திருந்தான், பிளஸ் டூ படிக்கிற பையன். வாசல் பக்கமே நின்றுகொண்டிருந்தான், முகத்தில் கைக்குட்டை. “என்ன தம்பி, கொஞ்சம் உள்ள வா” என்றேன். கைக்குட்டையை எடுத்தால் இரண்டு கன்னத்திலும் உருண்டை உருண்டையாக, ஆழத்தில் வேர்விட்ட பரு, அழுத்தினால் வலித்தது. “வயசுக் கோளாறு, தானாப் போயிடும்னு அம்மா சொன்னாங்க” என்றான். அக்காவுக்கும் வீட்டில் அதையேதான் சொல்லியிருந்தார்கள். இந்த வகைப் பரு ஆறும்போதுதான் அடித்தோலின் கொலாஜனைத் தின்றுவிட்டுப் போகிறது. அக்காவின் கன்னத்தில் நான் இத்தனை நாள் கட்ட முயன்றது அப்படிப் போனதைத்தான். அவனுக்கு அன்றே கல்லீரல், கொழுப்புப் பரிசோதனைகளுக்கு எழுதிக் கொடுத்தேன். ரிசல்ட் சரியாக வந்ததும் ஐசோட்ரெடினாயின் தொடங்குவதாக அவன் அம்மாவிடம் போனில் பேசி, அதைப் பற்றிப் பரவியிருக்கும் பயங்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லி முடித்தபோது அடுத்த நோயாளி கால் மணி நேரம் காத்திருந்தார்.